பூஜ்யம் முதல் ஆறு வரை: தன்னெதிர்ப்பு மூளையழற்சி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தன்னெதிர்ப்பு மூளையழற்சியை ஆராய்ந்து எழுதுகிற மருத்துவர்களுக்கும், அந்தக் கட்டுரைகளைத் தேர்ந்து வெளியிடுகிற ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் தங்கைக்கு 22 வயதில் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளையழற்சி வந்தது. உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற தன்னெதிர்ப்பு மூளையழற்சிகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. நான்கு வருடமாக உங்கள் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பத்தியைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். புரியாததை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்பேன். அந்த நோட்டு இப்போது மூன்றாவது.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அப்புறம், ஒரு நோயாளி தேறிவிட்டார் என்பதை நீங்கள் எதை வைத்து அளக்கிறீர்கள் என்பது பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அவளுக்கு முதலில் தூக்கம் போனது. மூன்று ராத்திரி கண்ணை மூடவில்லை. நான்காவது நாள், பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். அந்த அறையில் யாருமே இல்லை. மனநலப் பிரிவில் சேர்த்தோம். கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருந்தது. விரல்கள் இல்லாத பியானோவை வாசிப்பதுபோல் அசைந்தன. வலிப்பு வந்து ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் அந்த வாயையும் விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “இதே மாதிரி ஒரு கட்டுரையில் படித்திருக்கிறேன். தண்டுவட நீரை ஒரு குறிப்பிட்ட ஆன்ட்டிபாடி சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாம்” என்றார். 19-வது நாள் முடிவு வந்தது. பாசிட்டிவ்.

அவர் படித்திருந்த கட்டுரைகளை நான் பின்னால் தேடிப் பிடித்துப் படித்தேன். 2005-ல் நரம்பியல் மருத்துவர் ஜோசெப் டால்மாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். நான்கு பேருக்குமே மனநிலை மாற்றம், நினைவுக் குழப்பம், மூச்சு போதாமை. நான்கு பேருக்குமே சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி. 2007-ல் 12 பெண்களின் கதையோடு காரணமும் பிடிபட்டது. நரம்புச் செல்களின் மேல் இருந்து சேதிகளை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை உடலின் சொந்த ஆன்ட்டிபாடியே தாக்குகிறது. டெரட்டோமாவுக்குள் நரம்புத் திசு இருக்கக்கூடும், அதிலும் இதே ஏற்பி உண்டு. கட்டியைப் பார்த்து உடல் தயாரித்த ஆயுதம் மூளைக்கும் போய்ச் சேர்கிறது. 2008-ல் 100 நோயாளிகளின் தொகுப்பு வந்தது. அதில் 77 பேர் முதலில் போய் நின்றது மனநல மருத்துவரிடம்தான். அந்த வரியைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கதையை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

2004-ல் இவளுக்கு இது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் இல்லை. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல் என்றோ, தீராத மனநோய் என்றோ எழுதி மூடியிருப்பார்கள். நான்கு பேரை உன்னிப்பாகப் பார்த்து, ‘இவர்களுக்குள் ஏதோ ஒன்று பொது’ என்று எழுதி வெளியிட ஒரு குழு மெனக்கெட்டது. அதனால்தான் எத்தனையோ வருடம் கழித்து, அந்த ஆய்வாளர்களை நேரில் பார்த்தேயிராத ஓர் இளம் மருத்துவர் ஒரு ராத்திரியில் சரியான சோதனையைக் கேட்டார். என் தங்கை உயிரோடு இருப்பதற்கு அச்சிட்ட சில பக்கங்களும் ஒரு காரணம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று எல்லாம் கொடுத்தார்கள். போதவில்லை. ரிட்டுக்ஸிமாப் என்ற இரண்டாம் கட்ட மருந்து கொடுத்த பிறகுதான் மெல்ல மெல்லக் கண்ணால் எங்களைத் தேட ஆரம்பித்தாள். அந்தக் காத்திருப்பு நாட்களில் எனக்குத் துணையாக இருந்ததும் உங்கள் எழுத்துதான். இந்த ஆன்ட்டிபாடி நரம்புச் செல்லைக் கொல்வதில்லை. ஏற்பிகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. ஆன்ட்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் மறுபடி மேலே வரும். 2010-ல் இதைக் காட்டினார்கள். 2015-ல் நோயாளிகளின் தண்டுவட நீரை 14 நாட்கள் எலிகளின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளின் நினைவாற்றல் குறைந்தது. செலுத்துவதை நிறுத்திய பிறகு அது படிப்படியாகத் திரும்பி வந்தது. அந்த எலிக் கட்டுரையை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து, ‘திரும்பி வரும், திரும்பி வரும்’ என்று சொல்லிக்கொண்டேன்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன்.

நோய் வந்து 14 மாதம் கழித்து ஒரு மறுபரிசோதனை. மருத்துவர் நல்ல மனிதர், எங்களிடம் எப்போதும் பொறுமையாகப் பேசுபவர். அன்று கூட்டம் அதிகம். நடக்கச் சொன்னார், நடந்தாள். கையை நீட்டச் சொன்னார், நீட்டினாள். தானே குளிக்கிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, வெளியே தனியாகப் போய் வருகிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்றாள். வலிப்பு வந்ததா? இல்லை. கணினியில் ஏதோ தட்டிவிட்டு, “ரேங்கின் ஸ்கோர் 1. ரொம்ப நல்ல ரிசல்ட்” என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றோம். தங்கை என் கையைத் தொட்டு, “அக்கா, டாக்டரைப் பார்த்துட்டோமா, இனிமேதான் பார்க்கணுமா?” என்று கேட்டாள்.

அன்று ராத்திரி அந்த ரேங்கின் ஸ்கோர் என்றால் என்ன என்று தேடினேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்காகச் சொல்கிறேன். பூஜ்யம் முதல் ஆறு வரை போகும் அளவுகோல் அது. பூஜ்யம் என்றால் எந்த அறிகுறியும் இல்லை. ஒன்று என்றால் சில அறிகுறிகள் இருந்தாலும் வழக்கமான வேலைகளை எல்லாம் செய்ய முடிகிறது. இரண்டு என்றால் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது, ஆனால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை. நான்கில் துணையில்லாமல் நடக்க முடியாது, ஐந்தில் படுக்கை, ஆறு மரணம். இதை 1957-ல் ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் வகுத்தார். பிறகு சிலர் திருத்தினார்கள். அவர் வகுத்தது பக்கவாதம் வந்தவர்களுக்காக. அதுவும் 60 வயதைத் தாண்டியவர்களுக்காக.

பக்கவாதம் வந்த முதியவர் எழுந்து நடந்தால், தன் வேலையைத் தானே செய்துகொண்டால், அது பெரிய விஷயம். அதை அளக்க அந்த அளவுகோல் போதும். ஆனால் உங்கள் நோயாளிகள் யார்? 2013-ல் வந்த 577 பேரின் தொகுப்பில் சரிபாதிப் பேருக்கு 21 வயதுகூடத் தாண்டவில்லை. 211 பேர் 18 வயதுக்குக் கீழே. பள்ளியில், கல்லூரியில், முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகள். மூளையில் இந்த ஏற்பி செய்கிற வேலையோ கற்றுக்கொள்வதும் நினைவில் வைப்பதும். அந்த ஏற்பியே அடிபட்டுப்போன ஒருவரிடம், ‘நடக்க முடிகிறதா’ என்பதைத்தான் முக்கியமாகக் கேட்கிறது இந்த அளவுகோல்.

அதே 2013 கட்டுரையில், 24-வது மாதத்தில் பார்க்க முடிந்த 252 பேரில் 203 பேருக்கு, அதாவது 81 சதவீதத்துக்கு, ‘நல்ல விளைவு’ என்று இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்குத் தைரியம் கொடுத்த எண் அது. எனக்கும் கொடுத்தது. முதல் கட்ட மருந்து கேட்காதவர்களுக்கு இரண்டாம் கட்ட மருந்தைத் தயங்காமல் கொடுக்கலாம் என்று காட்டியதும் அதே கட்டுரைதான். என் தங்கைக்கு ரிட்டுக்ஸிமாப் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் ‘நல்ல விளைவு’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று பார்த்தால், ஸ்கோர் பூஜ்யம் முதல் இரண்டு வரை. இரண்டின் விளக்கத்தை மறுபடி படியுங்கள். முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை என்பது அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. 22 வயதில் முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போவதை ‘நல்ல’ என்ற சொல்லுக்குள் அடக்கலாமா?

என் தங்கை கட்டிடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் என்றால் உயிர். வீடு திரும்பி சில மாதம் கழித்து அவள் படித்துக்கொண்டிருந்த ஒரு நாவலை எதேச்சையாகப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். சில பக்கங்களில் இரண்டு, சிலவற்றில் நான்கு. ஒரு பக்கத்தில் ஏழு. என்ன இது என்று கேட்டேன். “ஒரு தடவை படிச்சு முடிச்சா ஒரு புள்ளி. பக்கத்தைத் திருப்பினதும் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு மறந்துடுது. அதான் மனசுல நிக்கிற வரைக்கும் படிக்கிறேன்” என்றாள். எந்த ஸ்கோரிலும் அந்த ஏழு புள்ளி ஏறவே இல்லை.

வேறு பலவும் ஏறவில்லை. சில நாட்கள் 14 மணி நேரம் தூங்குவாள், சில ராத்திரிகள் விழித்தே கிடப்பாள். மூன்று பேர் சேர்ந்து பேசினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பிடிபடாமல் எழுந்து போய்விடுவாள். முன்பெல்லாம் யாரையும் கடிந்து பேசாதவள், சட்டென்று கோபப்பட்டுவிட்டு அப்புறம் அதற்காக அழுவாள். மருத்துவமனையில் இருந்த மாதங்கள் அவள் நினைவில் அறவே இல்லை. அந்த இடைவெளியை எங்கள் வாயிலிருந்து கேட்டுத்தான் நிரப்பிக்கொள்கிறாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் “நல்லாத்தானே இருக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தோழிகளின் அழைப்பு குறைந்தது.

இந்த ‘நல்ல’ என்ற சொல் ஆய்விதழோடு நிற்பதில்லை என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அது மருத்துவமனைச் சான்றிதழுக்கு வருகிறது. தங்கை படிப்பைத் தொடர விண்ணப்பித்தாள். தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டோம். மருத்துவச் சான்றைக் கொண்டு வரச் சொன்னார்கள். அதில் ‘நல்ல முன்னேற்றம், ரேங்கின் ஸ்கோர் 1’ என்று இருந்தது. “நல்லா ஆயிட்டாங்கன்னு டாக்டரே எழுதியிருக்கார், அப்புறம் எதுக்கு எக்ஸ்ட்ரா டைம்?” என்று அங்கிருந்தவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கையில் இருந்த தாளைப் படித்தார், அவ்வளவுதான். அதைவிட என்னை உலுக்கியது அன்று வீட்டுக்கு வந்து தங்கை கேட்டது. “எல்லாம் சரியாப் போச்சுன்னு அவங்க சொல்றாங்க. அப்ப நான் சோம்பேறியாயிட்டேனா அக்கா?”

முறையான நரம்பு உளவியல் சோதனை செய்யச் சொல்லி வேறொரு மருத்துவர் அனுப்பினார். இரண்டு அமர்வுகள், சுமார் நான்கு மணி நேரம். சொற்பட்டியலை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வதிலும், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கையாள்வதிலும், வேகத்திலும் அவள் வயதுக்கு ரொம்பக் கீழே இருந்தாள். அறிக்கையைப் படித்து நான் அழுதேன். அவள் அழவில்லை. “அப்ப நான் நடிக்கலைதானே” என்றாள். அந்த அறிக்கையைக் காட்டித்தான் பிறகு கூடுதல் நேரம் கிடைத்தது.

இது ஏதோ என் வீட்டு விவகாரம் மட்டும் என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். உங்கள் துறையிலேயே இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2012-லேயே ஒரு சிறு குழுவைச் சோதித்து, தேறிவிட்டதாகக் கருதப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நினைவாற்றலில் குறை இருக்கிறது என்று எழுதினார்கள். 2021-ல் அதே குழு இன்னும் நிறையப் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வெளிப்பார்வைக்கு நன்றாகத் தேறிய பலரிடமும் நினைவாற்றல் குறையும் திட்டமிட்டுச் செயல்படும் திறனில் குறையும் நீடித்தன. ஆனால் வருடங்கள் போகப் போகத் தேறிக்கொண்டும் வந்தார்கள். இந்தப் பின்பாதி எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா? ‘இன்னும் முடியவில்லை, இன்னும் தேறலாம்’ என்று ஒருவர் அளந்து பார்த்துச் சொன்னார். அளக்காமல் ‘நல்ல விளைவு’ என்று மூடியிருந்தால் அந்த நம்பிக்கையும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பார்சிலோனாவில் டால்மாவின் குழுவும் 2022-ல் இதைப் பற்றியே எழுதியது. மருத்துவமனையை விட்டு வந்தபிறகு நீண்ட ஒரு பின்கட்டம் இருக்கிறது, அதில் சிந்தனை, மனநிலை, தூக்கம் எல்லாமே பாதிக்கப்பட்டிருக்கும், பல மாதங்களில் அது மெல்ல மெல்லச் சரியாகும் என்று காட்டினார்கள். நோயை முதலில் கண்டுபிடித்தவரே அதன் வால் பகுதியையும் பின்தொடர்ந்து போகிறார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை. 2019-ல் கொரிய ஆய்வாளர்கள் தன்னெதிர்ப்பு மூளையழற்சிக்கென்றே ஒன்பது அம்சங்கள் கொண்ட தனி அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். நினைவு, பேச்சு, மனநிலை எல்லாம் அதில் தனித்தனியாக உண்டு. ஆக, அளவுகோல் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தும், ஒரு மருந்து வேலை செய்ததா இல்லையா என்று முடிவு சொல்லும் இடத்தில் பெரும்பாலும் அந்தப் பழைய ரேங்கின்தான் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரிய நோய் இது. பல நாடுகளிலிருந்து, பல மருத்துவமனைகளிலிருந்து தகவல் சேர்க்க வேண்டும். எல்லா இடத்திலும் நரம்பு உளவியலாளர் இருக்க மாட்டார். ரேங்கின் என்றால் தொலைபேசியில்கூட ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். அது இல்லாமல் 577 பேரின் கதையை ஒரே கட்டுரைக்குள் கொண்டு வந்திருக்க முடியாது. உயிர் பிழைப்பார்களா என்பதே கேள்வியாக இருந்த வருடங்களில் அதைத்தான் முதலில் அளக்க முடியும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோய்க்குப் பெயர் வைத்து இத்தனை வருடமாகிவிட்டது. பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அப்படியானால் கேள்வி அடுத்த படிக்கு ஏற வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். ரேங்கினை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து ‘நல்ல விளைவு’ என்று எழுதாதீர்கள். ‘துணையில்லாமல் இயங்குகிறார்’ என்று எழுதுங்கள், அது உண்மை. புதிய மருந்துச் சோதனை எதுவானாலும் ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், இரண்டு வருடம் கழித்து என்று நினைவாற்றலையும் கவனத்தையும் முறையாகச் சோதித்து, அந்த எண்களையும் முதல் அட்டவணையிலேயே போடுங்கள். பிற்சேர்க்கையில் புதைக்காதீர்கள். படிப்புக்கோ வேலைக்கோ திரும்பினாரா, முன்பு இருந்த அதே நிலைக்கா, பாதி நேரத்துக்கா என்று ஒரு வரி கேட்டு எழுதுவதற்கு உளவியலாளர்கூட வேண்டாம். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களிடமும் கேளுங்கள். நோயாளி ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டியதற்கும் லிஃப்ட் வாசலில் கேட்டதற்கும் நடுவில் இருக்கும் தூரம் எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வருடத்தோடு நிறுத்திவிடவும் வேண்டாம். இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு முன்னால் இன்னும் ஐம்பது, அறுபது வருடம் இருக்கிறது.

ஆய்விதழ் ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘நல்ல விளைவு’ என்ற சொல்லோடு ஒரு கட்டுரை வந்தால், எதை அளந்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று சுருக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பல நேரம் சுருக்கம் மட்டும்தான் கிடைக்கிறது. காசு கட்டினால்தான் மீதி திறக்கும். ஒரே வாரத்தில் மூன்று கட்டுரைக்குக் கட்ட எங்களால் முடியாது. எந்தச் சொல்லை வாசலில் வைக்கிறீர்களோ, அதைத்தான் நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். சோதனை கேட்ட அந்த இளம் மருத்துவரும் எங்களைப் போல எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தவர்தான். அவருக்கும் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தங்கை இப்போது படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். இரண்டு வருடம் தாமதம். வரைபடம் போடும்போது ஒவ்வொரு கோட்டையும் எதற்குப் போட்டோம் என்று ஓரத்தில் எழுதி வைக்கிறாள். நாவல்களில் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. போன மாதம் முடித்த புத்தகத்தில் பெரும்பாலான பக்கங்களில் ஒன்றுதான். ஏழு இருந்த இடத்தில் ஒன்று என்பதை உங்கள் அளவுகோல் எப்படிச் சொல்லும்? அன்றும் ஸ்கோர் 1, இன்றும் ஸ்கோர் 1.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருப்பதற்கு அவள் சம்மதம் வேண்டுமே. பொறுமையாகப் படித்தாள். தாளின் மூலையில் இரண்டு புள்ளி வைத்துத் திருப்பித் தந்தாள். ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னாள்: பல வருடம் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு ஏதாவது நடந்தால், எத்தனை மணி நேரச் சோதனையானாலும் தன்னை எடுத்துக்கொள்ளலாம், வரத் தயார்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா